முடிவு தெரிந்த பிறகும் முடியாத ஆட்டம்

3-6, 2-6, 6-4, 7-5, 7-5. பாரிஸின் ரோலண்ட் கரோஸ் களிமண் தரையில் 1984 ஜூன் 10 அன்று ஜான் மெக்கன்ரோவை இவான் லெண்டில் வீழ்த்திய கணக்கு இது. அந்த ஆண்டு மெக்கன்ரோ 82 ஆட்டங்களில் வென்றார், மூன்றில் மட்டுமே தோற்றார். அந்த மூன்றில் ஒன்று, முதல் இரண்டு செட்டையும் கையில் வைத்துக்கொண்டு கோட்டைவிட்ட இந்த இறுதிப் போட்டி. டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு இது ஊரறிந்த சேதி. ஆனாலும், 2018-இல் ழூலியன் ஃபாரோ இந்த ஆட்டத்தை மையமாக வைத்து 'இன் தி ரெல்ம் ஆஃப் பெர்ஃபெக்‌ஷன்' என்ற ஆவணப்படத்தை எடுத்தபோது, கலைப்பட அரங்குகளில் டிக்கெட் வாங்கி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பார்க்க ஆட்கள் வந்தார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்துகொண்டே ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. ஆட்டத்தில் பார்க்கவேண்டியவற்றில் பெரும்பகுதி, முடிவு தெரிந்த பிறகுதான் கண்ணில் படத் தொடங்குகிறது. அதைப் பார்க்கக் கண்ணைப் பழக்கும் இடம் விளையாட்டு சேனல் அல்ல. பழைய படங்களையும் சுயாதீனப் படங்களையும் தேர்ந்தெடுத்துத் திரையிடும் சின்ன அரங்குகள்தான்.

இந்த அரங்குகளின் கதை எளிமையானது. நியூயார்க்கின் 'ஃபிலிம் ஃபோரம்' 1970-இல் ஐம்பது மடக்கு நாற்காலிகளோடும் ஒரே ஒரு புரொஜெக்டரோடும் தொடங்கியது. இன்று நான்கு திரைகள். லண்டன் லெஸ்டர் ஸ்கொயர் பக்கம் 'பிரின்ஸ் சார்லஸ்', லாஸ் ஏஞ்சலிஸில் குவென்டின் டரான்டினோ வாங்கி நடத்தும் 'நியூ பெவர்லி' என்று ஒவ்வொரு பெருநகரத்திலும் இந்த வகை அரங்கு ஒன்றிரண்டு உண்டு. சென்னையில் அந்த வேலையை இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் போன்ற திரைப்படக் கழகங்களும், அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ்முல்லர் பவன் போன்ற பண்பாட்டு நிலையங்களும் செய்துவருகின்றன. இவர்கள் வெளியிடும் திரையிடல் பட்டியலைச் சினிமாக்காரர்களும் இலக்கியக்காரர்களும் படிக்கிறார்கள். விளையாட்டுப் பக்கத்து வாசகர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறார். ஆனால் அணித் தேர்வில் தேர்வாளர் செய்வதைத்தான் அங்கே நிகழ்ச்சிப் பொறுப்பாளர் செய்கிறார்: யார் உள்ளே, யார் வெளியே, யாருக்குப் பக்கத்தில் யார். அவர் கையிலிருக்கும் சரக்கில், விளையாட்டைப் பற்றி இதுவரை நடந்த மிகக் கூர்மையான அலசல்களும் அடக்கம்.

நேரலை எதைக் காட்டுகிறது என்று முதலில் பார்ப்போம். பந்து போகும் இடத்துக்குக் கேமரா போகும். பந்து இல்லாத ஆள் திரையில் இல்லாத ஆள். கால்பந்தில் ஒரு வீரர் தொண்ணூறு நிமிடத்தில் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மிச்ச நேரமெல்லாம் அவர் இடம் பிடிக்கிறார், ஏமாற்றுகிறார், மூச்சு வாங்குகிறார், காத்திருக்கிறார். ஆட்டம் தீர்மானமாவது பெரும்பாலும் அந்த நேரத்தில். அதனால்தான் பயிற்சியாளர்கள் தொலைக்காட்சிப் பதிவோடு நிற்காமல், மைதானம் முழுவதும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த பதிவைத் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள். ஒளிபரப்பு வெட்டி எறிவதுதான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். நேரலையைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து என்ன ஆகும் என்ற பதற்றத்தைக் காப்பாற்றுவது அதன் பிழைப்பு. பதற்றம் கண்ணைப் பந்தின் மேலேயே ஆணியடித்து வைக்கும். முடிவு தெரிந்தவன் கண்தான் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்தில் உலாவும்.

டக்ளஸ் கோர்டனும் ஃபிலிப் பரேனோவும் எடுத்த 'ஜிடேன்' (2006) இதற்கு நேரடிச் சான்று. 2005 ஏப்ரல் 23-ஆம் தேதி ரியல் மாட்ரிட் – வியாரியல் ஆட்டம். பதினேழு கேமராக்கள், பதினேழும் ஒரே ஆளைத்தான் பார்க்கின்றன. பந்து எங்கோ கிடக்கும், ஜிடேன் நடந்துகொண்டிருப்பார். ஷூ முனையைப் புல்லில் தேய்ப்பார், வியர்வையைத் துடைப்பார், ஒரு பார்வையில் மைதானத்தை அளந்துவிட்டு மறுபடி நடப்பார். ரொபெர்த்தோ கார்லோஸ் ஏதோ சொல்ல, ஒருமுறை சிரிப்பார். பிறகு சட்டென்று பத்து விநாடி வேகம். இடப்பக்கம் இரண்டு பேரைத் தாண்டி ஒரு கிராஸ். அந்தப் பத்து விநாடி எங்கிருந்து வந்தது என்பதை அதற்கு முந்தைய நடைதான் சொல்கிறது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கைகலப்பில் நுழைந்து சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுகிறார். 2006 மே மாதம் கான் விழாவில் படம் திரையிடப்பட்டது. ஜூலையில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மார்கோ மாடெராஸியின் மார்பில் ஜிடேன் தலையால் முட்டியதை உலகமே பார்த்துத் திகைத்தது. படத்தைப் பார்த்திருந்தவர்களுக்கு அந்தத் திகைப்பு கொஞ்சம் குறைவாகவே இருந்திருக்கும். அமைதியும் வெடிப்பும் ஒரே உடம்பில் எவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கின்றன என்பதை அவர்கள் ஒன்றரை மணி நேரம் பார்த்திருந்தார்கள். இந்த முறை புதிதும் அல்ல. 1970-இல் மான்செஸ்டர் யுனைடெட் – கவென்ட்ரி ஆட்டத்தில் ஜார்ஜ் பெஸ்டை மட்டும் பின்தொடர்ந்து ஹெல்முட் கோஸ்டார்ட் என்ற ஜெர்மானியர் ஏற்கெனவே ஒரு படம் எடுத்துவிட்டார்.

ஃபாரோவின் படத்துக்கு வருவோம். அதன் மூலப்பொருள் கில் தெ கெர்மாதெக் எடுத்துக் குவித்த பதினாறு மில்லிமீட்டர் படச்சுருள்கள். பிரெஞ்சு டென்னிஸின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த கெர்மாதெக், முதலில் பயிற்சிப் படங்கள்தான் எடுத்தார்: வீரரை நிறுத்தி, 'சர்வ் போடுவது எப்படி' என்று செய்துகாட்டச் சொல்லும் வகை. அதில் அவருக்கு ஒரு சிக்கல் பிடிபட்டது. செய்துகாட்டும்போது உடம்பு ஒன்று செய்கிறது, ஆட்டத்தில் வேறொன்று செய்கிறது. வீரருக்கே அந்த வித்தியாசம் தெரியாது. அன்றிலிருந்து அவர் கேமராவைப் போட்டிக்கே கொண்டுபோனார். புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு ஒரே வீரரை ஆண்டுக்கணக்கில் எடுத்தார். மெக்கன்ரோ அவருக்குக் கிடைத்த புதையல். வலைக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டியபடி நின்று சர்வ் போடுகிற அந்த நிற்பு, எதிராளி கடைசிக் கணம்வரை திசை அறியாமல் தவிப்பது, சர்வ் முடியும்போதே உடம்பு வலையை நோக்கி விழுந்துகொண்டிருப்பது ஆகியவற்றை ஸ்லோ மோஷனில் மறுபடி மறுபடி பார்க்கும்போது, அவருடைய கோபத்தின் இடமும் விளங்குகிறது. கத்துவது அவருக்கு ஆட்டத்துக்கு வெளியே நடக்கும் விஷயம் அல்ல. கோடும் சத்தமும் நடுவரும் எல்லாமே தன் கணக்குப்படி இருக்கவேண்டும் என்ற அதே பிடிவாதம்தான் அந்த வாலிகளையும் செதுக்கியது. இந்த முடிவுக்கு வர 1984 இறுதிப் போட்டியின் நேரலை போதாது. யார் வெல்வார் என்ற கவலை தீர்ந்த கண் வேண்டும்.

இந்தக் கண்ணின் உச்சம் கோன் இச்சிகாவாவின் 'டோக்கியோ ஒலிம்பியாட்' (1965). 1964 டோக்கியோ ஒலிம்பிக் என்றால் நமக்கு ஹாக்கிதான்: இறுதியில் பாகிஸ்தானை 1-0 என வென்ற அணியில் தமிழ்நாட்டின் விக்டர் ஜான் பீட்டரும் இருந்தார். ஜப்பானிய அமைப்பாளர்கள் முதலில் அகிரா குரோசாவாவை அணுகி, அது சரிவராமல் இச்சிகாவாவிடம் வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்களைக் கொடுத்தார்கள். பதக்கங்களின் பதிவேட்டை எதிர்பார்த்தார்கள். அவர் கொடுத்ததோ, தடை ஓட்டத்துக்கு முன் மைதானத்தில் கரணம் போட்டு உடம்பைத் தளர்த்தும் இகுகோ யோடாவை. சுதந்திரம் பெற்று நான்கே ஆண்டான சாட் நாட்டிலிருந்து வந்து, உணவுக்கூடத்தில் தனியாகச் சாப்பிட்டு, 800 மீட்டர் அரையிறுதியோடு திரும்பிப்போகும் அகமது ஈசாவை. மாரத்தானில், தண்ணீர் மேசையருகே நின்று குடிப்பவர்களை, சுருண்டு விழுபவர்களை, அவர்களுக்கெல்லாம் முன்னால் தொலைநோக்கு லென்ஸில் அசைவற்ற முகத்தோடு ஓடும் அபேபே பிகிலாவை. பிகிலா குடல்வால் அறுவை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாமல் ஓடியவர். 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் முடித்து, இரண்டாமவர் வர நான்கு நிமிடம் இருக்க, புல்லில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஜப்பானிய அமைச்சர் ஒருவரே 'இது ஆவணமாக இல்லையே' என்று முறையிட்டார். ஆவணம் என்று அவர் நினைத்தது முடிவுகளை. அந்த முடிவுகள் எந்த ஏட்டிலும் கிடைக்கும். பிகிலாவின் முகம் இந்தப் படத்தில்தான் அப்படிக் கிடைக்கும்.

தோற்றவர்களைப் பார்க்கும் பொறுமையும் இந்த வகைப் படங்களுக்குத்தான் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கை எட்டு இயக்குநர்கள் பங்குபோட்டு எடுத்த 'விஷன்ஸ் ஆஃப் எய்ட்' படத்தில் குளோட் லெலூஷ் தேர்ந்துகொண்ட தலைப்பே தோற்றவர்கள்தான். ஸ்டீவ் ஜேம்ஸும் நண்பர்களும் எடுத்த 'ஹூப் டிரீம்ஸ்' (1994) இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிகாகோவின் இரண்டு கூடைப்பந்துச் சிறுவர்கள், வில்லியம் கேட்ஸும் ஆர்தர் ஏஜியும். அரைமணி நேரக் குறும்படமாகத் தொடங்கியது, ஐந்தாண்டுகளையும் 250 மணி நேரப் பதிவையும் விழுங்கி, கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படமாக முடிந்தது. ஒருவனுக்கு முழங்கால் போகிறது. இன்னொருவன் கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு வெளியேற்றப்படுகிறான். இருவரில் ஒருவரும் என்.பி.ஏ.வில் ஆடவில்லை. ஆனால் ஒரு திறமை உருவாக அம்மாவின் சம்பளம், பஸ் பயணம், பயிற்சியாளரின் பொறுமையின்மை, ஒரு மூட்டுச் சவ்வு என எத்தனை விஷயம் கூடிவர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன விளையாட்டு அலசல் குறைவு. வென்றவனை மட்டும் பார்த்து 'உழைப்பால் உயர்ந்தான்' என்று எழுதுவது சுலபம். அதே அளவு உழைத்து உயராதவனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த வாக்கியம் எவ்வளவு பாதி என்பது தெரியும்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. 'இதெல்லாம் பழைய காலத்து வித்தை. இன்று பந்தின் சுழற்சியிலிருந்து வீரரின் இதயத்துடிப்பு வரை அளக்கிறார்கள், படம் பார்த்து என்ன புதிதாகத் தெரிந்துவிடும்' என்பது முதலாவது. 2001-இல் கிரிக்கெட் ஒளிபரப்புக்குள் நுழைந்த 'ஹாக்-ஐ' பந்து எங்கே போயிருக்கும் என்று காட்டுகிறது, எல்.பி.டபிள்யூ. சண்டைகள் குறைந்தன. நல்லதுதான். ஆனால் அளவீடு பதில் சொல்லும் கருவி. நாம் கேட்காத கேள்விக்கு அது வாய் திறக்காது. செய்துகாட்டும் சர்வும் ஆடும் சர்வும் ஒன்றல்ல என்ற ஐயம் கெர்மாதெக்குக்கு எந்த எண்ணிலிருந்தும் வரவில்லை, நீண்ட நேரம் பார்த்ததிலிருந்து வந்தது. கேள்வி பிறந்த பிறகு அளந்துகொள்ளலாம். கேள்வி பிறக்கும் இடம் எது என்பதுதான் இங்கே பேச்சு.

இரண்டாவது மறுப்பு வலுவானது. 'படம் என்பதே வெட்டி ஒட்டியது. இயக்குநர் காட்ட நினைப்பதைத்தான் பார்க்கிறோம். அதை அலசல் என்று எப்படி நம்புவது?' இதற்கு மிக மோசமான உதாரணமும் இதே பட்டியலில் இருக்கிறது: 1936 பெர்லின் ஒலிம்பிக்கை வைத்து லெனி ரீஃபென்ஷ்டால் எடுத்து 1938-இல் வெளியான 'ஒலிம்பியா'. நாஜி அரசின் பணம், நாஜி அரசின் தேவை. இருட்டிவிட்டதால் சரியாகப் பதிவாகாத கோலூன்றித் தாண்டுதலைப் பின்னர் வீரர்களை வைத்து மறுபடி நடத்தி எடுத்துச் சேர்த்த படம். நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸின் அழகை அந்தப் படத்தால் மறைக்க முடியவில்லை என்பதும் உண்மை. அந்த அழகையே ஓர் ஆட்சி தன் முகப்பூச்சாகப் பயன்படுத்திக்கொண்டது என்பதும் உண்மை. ஆனால் இந்த மறுப்பு நேரலைக்கும் பொருந்துமே. இருபது முப்பது கேமராக்களில் எது திரைக்குப் போகவேண்டும் என்று ஒருவர் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறார். யாருடைய கண்ணீர் ஸ்லோ மோஷனில் வரவேண்டும், எந்த விளம்பரப் பலகை பின்னணியில் தெரியவேண்டும் என்பதெல்லாம் முடிவு செய்யப்பட்டவையே. அங்கே அந்தக் கை கண்ணுக்குத் தெரிவதில்லை. படத்திலோ இயக்குநரின் பெயரும், வெளியான ஆண்டும், பணம் கொடுத்தவர் யார் என்பதும் முன்னால் நிற்கின்றன. நல்ல திரைப்படக் கழகம் 'ஒலிம்பியா'வைப் போட்டால் முன்னுரை சொல்லாமல் போடாது, விவாதிக்காமல் கலையாது. சந்தேகத்தோடு பார்க்கும் அந்தப் பழக்கம் பிறகு நேரலைக்கு முன் உட்காரும்போதும் கூடவே வரும்.

மூன்றாவது: 'எல்லாம்தான் போனில் கிடைக்கிறதே, அரங்கு எதற்கு?' பா. ரஞ்சித்தின் குத்துச்சண்டைப் படமான 'சார்பட்டா பரம்பரை'யை எடுத்துக்கொள்வோம். பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஜூலையில், அது நேராக ஓ.டி.டி.யில் வந்தது. டான்சிங் ரோஸ் வளையத்துக்குள் வந்து கையைத் தொங்கவிட்டு ஆடும் அந்தக் காலாட்டம் ஊர்ப்பேச்சாகியது. ஆனால் கதாநாயகன் கபிலன் அந்த ஆட்டத்தில் படிப்பது ரோஸின் முகத்தை அல்ல, காலை. பாதமும் இடுப்பும் தோளும் ஒரே சட்டகத்தில், ஆள் அளவுக்கு மேல் பெரிதாகத் தெரிந்தால்தான் பார்ப்பவரும் கபிலனோடு சேர்ந்து படிக்க முடியும். உள்ளங்கைத் திரையில் நமக்குத் தெரிவது யார் அடித்தார் என்பது மட்டும். முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் 1974-இல் கின்ஷாஸாவில் மோதியதைச் சொல்லும் 'வென் வீ வேர் கிங்ஸ்' (1996) படத்திலும் இதே கதைதான். அலி கயிற்றில் சாய்ந்து அடி வாங்குவது சின்னத் திரையில் தோல்வியின் தொடக்கம்போலத் தெரியும். பெரிய திரையில்தான், சாய்ந்தபடியே அவர் தலை எவ்வளவு நழுவுகிறது, ஃபோர்மனின் கை எவ்வளவு கனக்கத் தொடங்குகிறது என்பது தெரியும். இன்னொன்று, நேரம். போனில் பத்து விநாடி முன்னே தள்ளும் பொத்தான் இருக்கிறது. பிகிலாவின் ஓட்டத்தில் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளினால் மிஞ்சுவது முடிவுதான். அது முன்பே தெரிந்ததுதானே.

கடைசி மறுப்பு, இது நாலு பேர் பார்க்கும் மேட்டுக்குடி விவகாரம் என்பது. தமிழ்நாட்டு அனுபவம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரும்பி வந்து நூறு நாளைத் தாண்டியது. கர்ணன் சாவான் என்று தெரியாமல் யாரும் போகவில்லை. கபடி வீரன் கதாநாயகனாக வரும் 'கில்லி' (2004) இருபது ஆண்டு கழித்து 2024 ஏப்ரலில் மறுபடி வெளியாகி அரங்குகளைத் திருவிழாவாக்கியது. வசனம் திரையில் வருமுன் அரங்கில் வந்தது. இது நட்சத்திர மோகம், பழைய நினைவு என்று சொல்லலாம், அதுவும் உண்டுதான். ஆனால் தெரிந்த முடிவை மறுபடி பார்க்கக் காசு கொடுக்கும் மனம் இங்கே தாராளமாக இருக்கிறது. தெருக்கூத்தில் துரியோதனன் விழுவதை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அவன் விழுவானா என்று யாரும் கேட்டதில்லை, இந்த வருஷக்காரர் எப்படி விழுகிறார் என்றுதான் கேட்டார்கள். அதைவிடச் சிறந்த ஆட்ட அலசல் எது? இல்லாமலிருப்பது இரசனை அல்ல, திட்டமிட்ட பட்டியல்தான். 'வெண்ணிலா கபடி குழு'வையும் 'லப்பர் பந்து'வையும் ஒரு வார இறுதியில் அடுத்தடுத்துப் போட்டு, இடையில் ஒரு கபடிப் பயிற்சியாளரையும் ஒரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆட்டக்காரரையும் பேசவைக்க ஒரு கழகத்துக்கு ஆகும் செலவு பெரிதல்ல. 'சார்பட்டா'வுக்குப் பெரிய திரை கொடுத்து, வடசென்னையின் பழைய குத்துச்சண்டைக்காரர்களை முன்வரிசையில் உட்காரவைக்கலாம். ரீ-ரிலீஸுக்கு அரங்கு கொடுப்பவர்கள் ஞாயிறு காலைக் காட்சி ஒன்றை 'டோக்கியோ ஒலிம்பியாட்'டுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அகாடமிப் பிள்ளைகள் நிறைய ஊர்களில் இருக்கிறார்கள்.

விளையாட்டுப் பக்கங்களும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். மூலையில் வரும் 'இன்றைய ஆட்டங்கள்' பெட்டியில் திரையிடல்களுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். அந்த வரியைப் பார்த்துப் போகிறவர், ஐந்தாவது செட்டின் கடைசிப் புள்ளியில் மெக்கன்ரோ வலையருகே வந்து அடிக்கும் வாலி வெளியே போவதைப் பார்ப்பார். ஏட்டில் அது லெண்டிலின் முதல் கிராண்ட் ஸ்லாம். மெக்கன்ரோ கடைசிவரை வெல்லாத பிரெஞ்சு ஓப்பன். திரையில் அது, மூன்று மணி நேரத்துக்கு மேல் எல்லாவற்றையும் தன் கணக்குப்படி வைக்கப் போராடிய ஒரு மணிக்கட்டு ஒரு கணம் பிசகிய இடம். ஏன் பிசகியது என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம், மறுநாளும் பேசலாம். ஆகவே, அந்தப் பெட்டியில் 'ரோலண்ட் கரோஸ் இறுதிப் போட்டி, 1984' என்று போடும்போது, பக்கத்திலேயே முடிவையும் அச்சிட்டுவிடலாம். ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.